முட்டியை நிமித்துறதுக்கு முன்னாடி

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல வீடு அடங்கின பிறகு எதையாவது எழுதித் தள்ளுற ஆசாமி, அவ்வளவுதான். ஆனா எங்க அக்கா பையனுக்கு செரிப்ரல் பால்சி. அவன் கால்ல ரெண்டு தடவை கத்தி வெச்சாச்சு. அதனால இந்த விஷயத்துல எனக்குன்னு ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் காட்டமாவே இருக்கும், பொறுத்துக்குங்க.

போன வாரம் பழைய நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவர் பையனுக்கு எட்டு வயசு. குறைமாசத்துல பிறந்தவன், ரெண்டு காலும் விறைப்பு. வாக்கர் பிடிச்சு நடப்பான், ஆனா முட்டி ரெண்டும் மடங்கியே இருக்கும். டாக்டர் ஆபரேஷன் சொல்லிட்டாராம். நண்பர் என்கிட்ட கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஆபரேஷன் பண்ணிட்டா நடந்துருவான்ல?"

எனக்கு டக்குனு பதில் வரலை. இதே கேள்வியை 2007-ல் எங்க அத்தான் ஒரு டாக்டர்கிட்ட கேட்டப்ப நானும் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன். "நடந்துருவான்"னு பதில் வந்துச்சு. மூணு பேரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்து காபி குடிச்சோம். அந்தக் கேள்வியே தப்புன்னு புரியறதுக்கு எங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

செரிப்ரல் பால்சியைத் தமிழ்ல மூளை முடக்குவாதம்னு எழுதுறாங்க. வளர்ந்துக்கிட்டிருக்கிற மூளையில், பிறக்கறதுக்கு முன்னாடியோ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்துக்குள்ளயோ ஏற்படுற ஒரு சேதம். அந்தச் சேதம் அதுக்கப்புறம் பெருசாகாது. ஆனா உடம்பு மாறிக்கிட்டே இருக்கும். பெத்தவங்க ரொம்பக் குழம்பற இடம் இதுதான். மூளையில இருக்கறது கூடலைன்னா, ஆறு வயசுல ஓரளவு நல்லா நடந்தவன் பன்னெண்டு வயசுல ஏன் தடுமாறுறான்? ஏன்னா எலும்பு வளருது. விறைச்ச தசை அதே வேகத்துல நீள மாட்டேங்குது. அதுவும் வாலிபம் எட்டிப் பார்க்குற வயசுல உயரம் சரசரன்னு கூடும், எடையும் கூடும், தசையோட பலம் மட்டும் அந்த அளவுக்குக் கூடாது. போன வருஷம் வரைக்கும் தாங்கின கால் இந்த வருஷம் தாங்காது.

முட்டி மடங்கியே நடக்கறதை டாக்டருங்க க்ரவுச் நடைன்னு சொல்வாங்க. அது எப்படி இருக்கும்னு தெரியணுமா? இதைப் படிக்கிறதை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு எழுந்திருங்க. கையில எதையும் பிடிக்காம, முட்டியைக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்கிட்டு, நிமிராம வீட்டுக்குள்ள ஒரு ரவுண்டு போங்க. அப்படியே வாசல்ல நின்னு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசுங்க.

தொடை எரியுதா? நாம நேரா நிக்கும்போது முட்டி பூட்டின மாதிரி நின்னுக்கும், தொடைத் தசைக்குப் பெருசா வேலை இல்லை. முட்டி மடங்கினா, நிக்கற ஒவ்வொரு நொடியும் முன் தொடைத் தசை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பிரேயர்ல நிக்கறதே நமக்கு மாடிப்படி ஏறுற மாதிரி. முட்டிச்சில்லை அந்தத் தசை மேல இழுத்து இழுத்து, சில்லு இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேல ஏறிடும். பதின்ம வயசுல முட்டி முன்னாடி வலி ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு நாள் பிள்ளை, "நான் வீல்சேர்லயே வரேம்மா"ன்னு சொல்லிடும். சோம்பேறித்தனம்னு திட்டுற வாத்தியாரை நானே பார்த்திருக்கேன். ஒரு நாள் அவரை முட்டியை மடக்கி நிக்க வெச்சுப் பாடம் எடுக்கச் சொல்லணும்.

இப்ப, மடங்கின முட்டியைப் பார்த்தா யாருக்கும் முதல்ல என்ன தோணும்? பின்னாடி எதுவோ இழுத்துப் பிடிச்சிருக்கு, அதை வெட்டி விட்டா நிமிர்ந்துரும். நூறு வருஷத்துக்கும் மேல டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோணியிருக்கு.

இந்த நோயை முதல்ல விரிவா எழுதி வெச்சவர் லண்டன் டாக்டர் வில்லியம் ஜான் லிட்டில். ரொம்ப நாள் இதுக்கு லிட்டில் வியாதின்னே பேர். அவர் கதை சுவாரசியமானது. அவருக்கே சின்ன வயசுலேர்ந்து ஒரு பாதம் வளைஞ்சிருந்துச்சு. ஜெர்மனியில ஹானோவர்ல ஸ்ட்ரோமேயர்னு ஒருத்தர் தோலைப் பெருசாத் திறக்காம, சின்னத் துளை வழியா குதிகால் நாரை அறுத்து விடுறார்னு கேள்விப்பட்டு, 1836-ல் அங்கேயே போய்த் தன் காலைக் கொடுத்துட்டார். சரியானதும் அதே வித்தையைக் கத்துக்கிட்டு லண்டனுக்கு வந்து மத்தவங்களுக்குப் பண்ணினார். (மயக்க மருந்து புழக்கத்துக்கு வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடிங்க இது. நினைச்சாலே எனக்குக் கால் கூசுது.)

ஆனா லிட்டிலோட கால்ல கோளாறு காலோட நின்னுச்சு. செரிப்ரல் பால்சியில கோளாறு மேல இருக்கு, கால்ல தெரியுது. அங்கதான் வெட்டி விடுற வைத்தியம் சறுக்க ஆரம்பிச்சது.

1952-ல் அமெரிக்காவுல எக்கர்ஸ்னு ஒரு டாக்டர், தொடைக்குப் பின்னாடி ஓடுற தசைகளை (ஹாம்ஸ்ட்ரிங்னு கிரிக்கெட் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்) முட்டிக்குக் கீழ இருக்கிற பிடிப்புலேர்ந்து எடுத்து, முட்டிக்கு மேல தொடை எலும்புலயே மாத்தி ஒட்டுற ஆபரேஷனை எழுதினார். தர்க்கம் பளிச்சுன்னு இருக்கு. முட்டியை மடக்குற தசையை முட்டியைத் தாண்டவே விடாம பண்ணிட்டா மடக்காதுல்ல? மடக்கலைதான். ஆனா கொஞ்ச வருஷத்துல நிறையப் பிள்ளைங்களுக்கு முட்டி பின்பக்கமா வளைய ஆரம்பிச்சது. சிலருக்கு முட்டி மடங்கவே மறுத்து, காலைக் கட்டை மாதிரி வீசி நடக்க வேண்டி வந்துச்சு. ஒரு பிரச்சினையைக் கொடுத்துட்டு இன்னொண்ணை வாங்கின கதை. இப்ப அந்த அளவுக்கு யாரும் போறதில்லை. தசையை அறுக்காம, அதைப் போர்த்தியிருக்கிற நாருல மட்டும் கீறி விட்டு நீளம் கொடுக்குறாங்க.

எங்க கதைக்கு வர்றேன். 2007-ல் எங்க பையனுக்கு ஐஞ்சு வயசு. முன்னங்காலை ஊன்றி நடப்பான், குதிகால் தரையில படாது. "குதிகால் நரம்பு குட்டையா இருக்கு, தளர்த்தி விட்டா போதும்"னு சொன்னாங்க. (நம்ம ஊர்ல தசைநாரையும் நரம்புன்னுதான் சொல்வோம். இதுல வேற குழப்பம். நரம்பை வெட்டிட்டாங்களான்னு எங்க ஆச்சி ஒரு மாசம் அழுதாங்க.) ரெண்டு கால்லயும் குதிகால் நாரை மட்டும் நீட்டி விட்டாங்க. மாவுக்கட்டு பிரிச்சதும் பாதம் சப்பையாத் தரையில பட்டுச்சு. கோவில்பட்டி வீட்டுல அன்னிக்குப் பாயசம்.

பத்து வயசு ஆகும்போது முட்டி உட்கார்ந்திருச்சு. குதிகால் தரையில இருக்கு, முட்டி முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குது. பையன் முன்ன நடந்த தூரத்துல பாதிகூட நடக்கலை.

என்ன ஆச்சுன்னு எனக்குப் புரிஞ்சது பின்னாடிதான். கெண்டைக்கால் தசைக்கு ஒரு வேலை இருக்கு, நாம யாரும் அதை யோசிக்கிறதில்லை. பாதம் தரையில இருக்கும்போது, முழங்காலுக்குக் கீழ இருக்கிற எலும்பு முன்னாடி சாஞ்சு விழுந்துடாம பின்னாலேர்ந்து கடிவாளம் மாதிரி இழுத்துப் பிடிக்கறது அதுதான். அந்தக் கடிவாளத்தை அளவுக்கு மேல நீட்டி விட்டா எலும்பு முன்னாடி சாயும், முட்டி மடங்கும், இடுப்பும் கூடவே மடங்கும். இன்னொரு வேடிக்கை என்னன்னா, முட்டியும் இடுப்பும் மடங்கின பிள்ளைக்குக் கணுக்கால் சரியான கோணத்துல இருந்தாலும் குதிகால் தூக்கித்தான் தெரியும். நீங்களே முட்டியை மடக்கி, கணுக்காலை எல் எழுத்து மாதிரி வெச்சு நிக்கப் பாருங்க, குதிகால் தானா எழும்பும். பார்க்கிறவங்க கண்ணுக்குக் குதிகால்தான் குற்றவாளி. ரெண்டு காலும் விறைப்பா இருக்கிற பிள்ளைகளுக்குக் குதிகால் நாரை மட்டும் தனியா நீட்டினா, பின்னாடி க்ரவுச் நடையில கொண்டு போய் விடுற ஆபத்து இருக்குன்னு எலும்பு டாக்டருங்களோட புத்தகங்கள்ல எங்க பையன் பிறக்கறதுக்கு முன்னாடியே எழுதி இருந்துச்சு. எங்க வரைக்கும் அது வந்து சேரலை, அதான் வயித்தெரிச்சல்.

ஆஸ்பத்திரி பேர் எல்லாம் வேண்டாம். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை, காசுக்காகப் பண்ணினவரும் இல்லை. அவர் படுக்க வெச்சுப் பாதத்தை மட்டும் பார்த்தார். பையனை நடக்க விட்டுப் பார்த்த நேரம் ஒரு நிமிஷம் இருந்தா அதிகம்.

முட்டியில மட்டும் கை வெச்சாலும் இதே வம்புதான். ஹாம்ஸ்ட்ரிங் இடுப்புலேர்ந்து கிளம்பி முட்டியைத் தாண்டிப் போற தசை. முட்டி மடங்கினா அது கீழ்ப்பக்கம் சுருங்கும். ஆனா இடுப்பு மடங்கினா மேல்பக்கம் இழுபடும். க்ரவுச் நடையில ரெண்டும் மடங்கியிருக்கு. அப்ப மொத்த நீளம் குட்டையா, நெட்டையா? 1996-ல் அமெரிக்காவுல டெல்ப்ங்கிறவரும் கூட இருந்தவங்களும் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. முட்டி மடங்கி நடந்த பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு, நடக்கும்போது ஹாம்ஸ்ட்ரிங் குட்டையாவே இல்லை. சிலருக்கு வழக்கத்தை விட நீளமாவே இருந்துச்சு! குட்டையே இல்லாத தசையை நீட்டினா என்ன ஆகும்? இடுப்பெலும்பைப் பின்னாலேர்ந்து பிடிச்சிருந்த பிடி தளர்ந்து, இடுப்பு முன்னாடி கவிழும், முதுகு உள்வாங்கி வளையும். முட்டியும் கொஞ்ச வருஷத்துல பழையபடி மடங்கலாம். அப்புறம் இன்னொரு ஆபரேஷன்.

இந்த "அப்புறம் இன்னொண்ணு" சமாச்சாரத்துக்கு ஒரு பேரே இருக்கு. கனடாவுல டொராண்டோவுல இருந்த குழந்தைகள் எலும்பு டாக்டர் மெர்சர் ராங், இதைப் பிறந்தநாள் வியாதின்னு கிண்டலா சொன்னார். ஒரு வருஷம் குதிகால், அடுத்த வருஷம் முட்டி, அதுக்கடுத்த வருஷம் இடுப்பு. பிள்ளை ஒவ்வொரு பிறந்தநாளையும் ஆஸ்பத்திரியிலயோ மாவுக்கட்டுலயோ கொண்டாடும். ஒண்ணை நீட்டினா அதுக்கு மேல இருக்கிறது கெடும், அதைச் சரி பண்ணினா இன்னொண்ணு. பிள்ளைப் பருவம் பூரா இதுலயே போயிடும்.

இதுக்கு மாற்றா வந்ததுதான், எல்லாத்தையும் ஒரே தடவையில பண்ணிடற முறை. இடுப்பு, முட்டி, கணுக்கால், பாதம்னு எங்கெங்க கோளாறோ எல்லாத்தையும் கணக்குப் போட்டு, ஒரே மயக்கத்துல, ஒரே மறுவாழ்வுக் காலத்துல முடிச்சுடறது. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல கில்லெட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில ஜேம்ஸ் கேஜும் அவரைச் சேர்ந்தவங்களும் இதுக்கு நடையை அளக்கறதை அடிப்படையா வெச்சாங்க. பிள்ளையோட கால்ல குட்டிக் குட்டிப் பந்துகளை ஒட்டி, சுத்திலும் கேமரா வெச்சு, தரையில எடை உணர்ற பலகை வெச்சு, ஒவ்வொரு மூட்டும் ஒவ்வொரு நொடியும் என்ன பண்ணுதுன்னு பார்த்துட்டு அப்புறம்தான் கத்தியை எடுக்குறது. பாதம் வெளிப்பக்கமாத் திரும்பியிருந்தாலோ தொடை எலும்பு முறுக்கியிருந்தாலோகூட முட்டி மடங்கும்னு அழுத்திச் சொன்னவர் கேஜ். நெம்புகோல் வளைஞ்சிருந்தா எவ்வளவு அழுத்தினாலும் கல் நகராதுல்ல, அந்த மாதிரி.

முட்டி நிரந்தரமா இறுகி, டாக்டரே கையால நிமித்தினாலும் நேராகலைன்னா தசையை மட்டும் நீட்டிப் பிரயோஜனம் இல்லை. முட்டிக்கு மேல தொடை எலும்புல முன்பக்கமா ஆப்பு மாதிரி ஒரு துண்டை எடுத்து, நிமித்தி, பிளேட் வெச்சு ஸ்க்ரூ போடுவாங்க. கூடவே மேல ஏறிப்போன முட்டிச்சில்லைக் கீழ இறக்கி இறுக்குவாங்க. 2008-ல் கில்லெட் குழுவினரே இந்த ரெண்டையும் சேர்த்துச் செஞ்ச முடிவுகளை எழுதினாங்க, ரெண்டையும் சேர்த்துச் செஞ்சாதான் நடக்கும்போது முட்டி நல்லா நிமிருதுன்னு. வளர்ற வயசு இன்னும் பாக்கி இருக்கிற பிள்ளைன்னா, இன்னொரு மென்மையான வழியும் இருக்கு. தொடை எலும்போட கீழ்முனையில வளர்ற இடத்துக்கு முன்பக்கம் மட்டும் சின்ன பிளேட் வெச்சு அங்க வளர்ச்சியை நிறுத்தி வெப்பாங்க. பின்பக்கம் வளரும், முட்டி மெதுவா, ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல நிமிரும். வளர்ச்சி முடிஞ்சவங்களுக்கு இது ஆகாது. ரொம்ப நாள் மடங்கியிருந்த முட்டியை ஒரே நாள்ல படார்னு நிமித்தினா பின்னாடி ஓடுற நிஜமான நரம்பு இழுபட்டு, பாதம் எரியும், மரத்துப் போகும். அதையும் டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்கணும்.

எங்க பையனுக்கு ரெண்டாவது ஆபரேஷன் 2013-ல், பதினோரு வயசுல. வேற ஊர், வேற டாக்டர். அவர் முதல் சந்திப்புல பையனை வராந்தாவுல பத்து நடை நடக்க விட்டு, முன்னாடியும் பக்கவாட்டுலயும் போன்ல வீடியோ எடுத்தார். மெதுவா ஓட விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அத்தான் வழக்கமான கேள்வியைக் கேட்டார். டாக்டர் திருப்பிக் கேட்டார்: "ஆபரேஷன் எனக்கு ஒரு நாள் வேலை. அதுக்கப்புறம் ஒரு வருஷம் உங்க வீட்டுல யாரு பார்த்துப்பா?"

என்னோட கருத்தே இந்த ஒரு கேள்விதாங்க. இதைக் கேட்காம தேதி குறிக்கிற டாக்டர்கிட்டயும், இதுக்குப் பதில் இல்லாம சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடுற குடும்பத்துக்கிட்டயும் எனக்குச் சண்டை இருக்கு.

ஏன்னா ஆபரேஷன் முடிஞ்சதும் பிள்ளை முன்னைவிட மோசமாத்தான் ஆகும். யாரும் இதைத் தெளிவா சொல்றதில்லை. முதல் சில நாள் வலி. அதைவிட, கட்டுக்குள்ள தசை திடீர்னு வெட்டி இழுக்கும், ராத்திரியில அலறுவான். அப்புறம் வாரக்கணக்குல கட்டு. கட்டு பிரிச்சா, கால் நேரா இருக்கும், ஆனா பலம் போயிருக்கும். வாக்கர்ல நடந்த பையன் எழுந்து நிக்கவே ஆள் வேணும். மூணு மாசம், ஆறு மாசம் வரைக்கும் "ஐயையோ கெடுத்துட்டமே"ங்கிற எண்ணம்தான் வீட்டுல ஓடும். 2011-ல் ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல 19 பிள்ளைகளை வெச்சு ஒரு சோதனை பண்ணினதை வெளியிட்டாங்க. ஒரு வருஷம் ஆனப்ப நடையோட அமைப்பு தெளிவா நல்லாயிருந்துச்சு, ஆனா பிள்ளையோட மொத்த இயக்கத் திறன்ல வித்தியாசம் தெரியலை. அது கூடினது ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். சின்ன சோதனைதான். ஆனா எங்க வீட்டுல நடந்தது அப்படியே அதுல இருந்துச்சு.

அந்த ஒரு வருஷம் எங்க அக்கா வேலையை விட்டாங்க. பையன் ஆறாம் வகுப்புக்குப் போகவே இல்லை. வீட்டுல இருந்தது இந்தியன் கக்கூஸ், அதை மாத்தணும்னு ஆஸ்பத்திரியில ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லலை. கட்டோட முப்பது கிலோ பையனைத் தூக்கித் தூக்கி அக்காவுக்கு இடுப்பு போச்சு. வாரத்துல அஞ்சு நாள் பிசியோதெரபி வேணும். எங்க ஊர்ல அப்ப இருந்த பிசியோக்காரர் நல்ல மனுஷர், ஆனா அவர்கிட்ட வர்றதெல்லாம் தோள்பட்டை பிடிச்ச பெரியவங்கதான். அவரும் பையனோட சேர்ந்து கத்துக்கிட்டார்னுதான் சொல்லணும். ராத்திரி முட்டியை நேரா வைக்கிற பட்டை, பகல்ல முன்பக்கம் கெண்டைக்காலைத் தாங்குற பிளாஸ்டிக் அச்சு. கால் வளர வளர அதை மாத்தணும், ஒவ்வொரு தடவையும் காசு. இதுல ஏதாவது ஒண்ணு தவறினா முட்டி பழையபடி மடங்கிடும், எலும்பை வெட்டி வெச்சது மட்டும் மிச்சம்.

சர்ஜரிக்குக் காப்பீடு கிடைக்குது. தேசிய அறக்கட்டளையோட நிராமயா திட்டத்துல செரிப்ரல் பால்சி உள்ளவங்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, அதுல தெரபிக்கும் இடம் இருக்கு. நல்ல விஷயம், எடுக்காதவங்க எடுத்துடுங்க. ஆனா வேலையை விட்ட அம்மாவோட சம்பளத்துக்கு எந்தத் திட்டத்துல இடம் இருக்கு? சென்னையில வித்யா சாகர், தரமணியில ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, முட்டுக்காட்டுல மத்திய அரசோட நிறுவனம்னு பேர் சொல்ல நாலு இடம் இருக்கு. கோவில்பட்டியிலேர்ந்து முட்டுக்காடு எவ்வளவு தூரம்னு மேப்ல பாருங்க. ஆபரேஷன் தியேட்டர் மாவட்டத்துக்கு மாவட்டம் வந்தாச்சு. அதுக்கப்புறம் வர்ற ஒரு வருஷத்துக்கு ஊருக்கு ஊர் ஏற்பாடு இல்லாம தியேட்டரை மட்டும் பெருக்குறது, கல்யாண மண்டபத்தைக் கட்டிட்டுக் குடித்தனம் நடத்த வீடு கொடுக்காத மாதிரி.

அதுக்காக "கத்தியே வேண்டாம்" கோஷ்டியோட நான் சேரலை. அவங்க இன்னொரு பக்கம். எண்ணெய் தேய்ச்சா நிமிரும்னு ரெண்டு வருஷம் ஓட்டறது, ஸ்டெம் செல் ஊசின்னு லட்சக்கணக்குல வாங்குறது. ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்களைத் தவிர வேற எதுக்கும் ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியம் இல்லைன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-லயே வழிகாட்டுதல் போட்டிருக்கு. போடாக்ஸ் ஊசி அப்படி இல்லை, விறைப்பைச் சில மாசம் நிஜமாவே குறைக்கும், அந்த இடைவெளியில பிசியோ நல்லா பண்ணலாம். ஆனா ஏற்கனவே இறுகிப்போன முட்டியை அது நிமித்தாது. காலம் கடத்திக் கடத்தி, பதினாலு வயசுல முட்டி கல்லாட்டம் ஆனப்புறம் ஓடுறவங்களையும் பார்த்திருக்கேன். அப்ப வேலை பெருசு, பலன் கம்மி.

நண்பரோட கேள்விக்குத் திரும்பறேன். "நடந்துருவான்ல?" கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துல 1997-ல் இந்தப் பிள்ளைகளை இயக்கத் திறனை வெச்சு அஞ்சு நிலையாப் பிரிச்சாங்க. பிடிமானம் இல்லாம நடக்கிறது ஒண்ணு, ரெண்டு. கையில பிடிச்சுக்கிட்டு நடக்கிறது மூணு. பெரும்பாலும் வீல்சேர் நாலு, அஞ்சு. முட்டி ஆபரேஷன் ஒரு பிள்ளையை நாலாம் நிலையிலேர்ந்து ஒண்ணுக்குத் தூக்கிடாது. மூணுல இருக்கிறவன் மூணுலயே இருப்பான், ஆனா வலி குறைவா, கொஞ்சம் அதிக தூரம், இன்னும் அதிக வருஷம். பதின்ம வயசுல சரிஞ்சு போறதைத் தடுக்கறதே பெரிய விஷயம். நாலு, அஞ்சுல இருக்கிற பிள்ளைக்கும் முட்டி ஆபரேஷன் சில சமயம் தேவைப்படும். கட்டில்லேர்ந்து வீல்சேருக்கு மாறும்போது ஒரு நொடி காலை ஊன்றி நிக்கறதுக்கு, வலியில்லாம படுக்கறதுக்கு. அதை ஜெயிச்ச கணக்குல யாரும் சேர்க்கறதில்லை. நம்ம ஆளுங்களுக்கு நடந்தாத்தான் மனுஷன்.

எங்க பையன் இப்ப இருபதைத் தாண்டிட்டான். பி.காம். முடிச்சு வீட்டுலேர்ந்தே கணக்கு எழுதுற வேலை. வீட்டுக்குள்ள முழங்கைத் தடி வெச்சு நடப்பான், வெளிய வீல்சேர். கல்யாண வீட்டுக்கு வந்தா, "இவ்வளவு செலவு பண்ணியும் நடக்கலையா"ன்னு கேட்கிற பெருசுங்க இன்னும் இருக்காங்க. முட்டி வலி இல்லைங்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது.

நண்பர் போன் வந்த அன்னிக்கு ராத்திரி அவன்கிட்டயே கேட்டேன். "டேய், எட்டு வயசுப் பையன், என்ன சொல்லட்டும்?"

அவன் உடனே ஒண்ணும் சொல்லலை. அப்புறம், "மாமா, 2007-ல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"ன்னான்.

ஞாபகம் இருக்கு. மதுரைக்குப் போய் கோயில் யானை பார்க்கலாம்னு சொன்னோம். கண்ணு முழிச்சப்ப ரெண்டு கால்லயும் கட்டு.

"அவன்கிட்ட முதல்ல சொல்லச் சொல்லுங்க. வலிக்கும்னு சொல்லச் சொல்லுங்க. எத்தனை மாசம்னும் சொல்லச் சொல்லுங்க. மத்ததெல்லாம் டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்."

நண்பருக்கு மறுநாள் போன் பண்ணினேன். பையனை நடக்க விட்டு முன்னாடியும் பக்கவாட்டுலயும் வீடியோ எடுக்கச் சொன்னேன். இடுப்பு, முட்டி, பாதம் மூணையும் சேர்த்துப் பார்க்கிற இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டச் சொன்னேன். வீட்டுல அந்த ஒரு வருஷம் யாருன்னு கேட்டேன். மனைவி வங்கியில வேலை, லீவு கேட்டுப் பார்க்கணும்னார். பையன்கிட்ட சொல்லியாச்சான்னு கேட்டேன். லைன்ல ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

பி.கு: வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போறேன். எங்க பையனும் வர்றேன்னிருக்கான். தன் முட்டியில இருக்கிற தழும்பை அந்தப் பொடியனுக்குக் காட்டணுமாம்.